கல்யாண நாளுக்கு எதற்கு இத்தனை பெரிய பட்டியல்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமண நாளைக் கொண்டாட லண்டன் போகும் தம்பதிகளுக்கென்று இரண்டு நாள் பயணத் திட்டம் ஒன்றைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. திட்டம்தான் மூச்சு முட்டுகிறது. காலையில் டவர் பிரிட்ஜில் தொடங்கி, மணிக்கொரு இடம் என்று ஓடி, ராத்திரி லண்டன் ஐ ராட்டினத்தில் முடிகிற அந்த அட்டவணையைப் படித்துவிட்டு என் கணவர், “இது கல்யாண நாளா, ஆடிட்டா?” என்று கேட்டார். எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு நாங்களும் அந்த ஊருக்குப் போய் வந்தவர்கள்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

ராட்டினத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம், எல்லாம் சரி. ஆனால் “உங்கள் இருவருக்கு மட்டுமேயான தருணம்” என்று கட்டுரையாளர் உருகியிருக்கிறாரே, ஒரு கண்ணாடிக் கூண்டில் 25 பேர் வரை ஏற்றுவார்கள். தனிக் கூண்டு வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. ஊரை மேலிருந்து பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பிரிம்ரோஸ் ஹில் என்ற குன்று இருக்கிறது. புல்தரையில் உட்கார்ந்துகொள்ளலாம், டிக்கெட் கிடையாது. இன்னும் சுலபம் வாட்டர்லூ பாலம். அந்த இடத்தில் தேம்ஸ் வளைந்து போவதால், ஒரு பக்கம் நாடாளுமன்றம், மறுபக்கம் செயின்ட் பால்ஸ் தேவாலயக் கோபுரம் என்று இரண்டும் ஒரே இடத்திலிருந்து தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாலத்தைக் கட்டியதில் பெண் தொழிலாளர்கள் பெரும் பங்கு வகித்திருக்கிறார்கள். அதனால் அதற்குப் பெண்கள் பாலம் என்றே ஒரு பெயர் உண்டு. உங்கள் பட்டியலில் அது இல்லை.

பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலர் மாற்றத்தைச் சனிக்கிழமையில் போட்டிருக்கிறீர்கள். அது தினமும் நடப்பதில்லை. வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறுதான். நடக்கிற நாளில் போனாலும், சீக்கிரமே போய் இடம் பிடிக்காதவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் காட்சி.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அருங்காட்சியகம் பற்றி. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, “கைகோத்தபடி சுற்றி வாருங்கள்” என்கிறது கட்டுரை. என் கணவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பெட்டி நின்று, அதில் ஒட்டியிருக்கிற குறிப்பை முற்றுப்புள்ளி வரை படிக்கிறவர். நான் கூடம் முழுவதையும் ஒரு நடை நடந்துவிட்டு, பிடித்த ஒன்றின் முன்னால் போய் நிற்கிறவள். எங்களைப் போன்ற இருவர் கைகோத்துச் சுற்றினால் ஒருவர் இழுக்க வேண்டும், மற்றவர் இழுபட வேண்டும். போதாக்குறைக்கு, மியூசியத்தில் கால் சீக்கிரம் ஓய்ந்துபோகும். எனக்குக் கால் வலித்தால் அதைச் சொல்லாமல் “உங்களுக்குப் பசிக்கலையா?” என்று கேட்பேன். அவர், “உனக்குப் பசிச்சா சொல்லேன், என்னை ஏன் கேக்கறே?” என்பார். வெளியூரில் எங்கள் சண்டையெல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

ஆகவே வாசலிலேயே பிரிந்துகொண்டோம். நடுவில் இருக்கிற பெரிய கண்ணாடிக் கூரை முற்றத்தில் ஒரு மணிக்குச் சந்திப்பது என்று ஏற்பாடு. நான் நேராக அமராவதிச் சிற்பங்களிடம் போய்விட்டேன். ஆந்திரத்து பௌத்த ஸ்தூபம் ஒன்றின் சுண்ணாம்புக் கற்கள் அங்கே ஒரு கூடம் நிறைய இருக்கின்றன. அந்த ஸ்தூபத்தின் கற்களிலேயே அதே ஸ்தூபத்தைச் சிறிதாகச் செதுக்கியிருக்கிறார்கள்; இடிந்துபோன கட்டடம் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை அதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். அவர், எகிப்தின் பழைய சித்திர எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லிடம் போயிருந்தார். எல்லோரும் முன்பக்கத்து மூன்று வகை எழுத்துகளைப் படமெடுக்க முண்டியடிக்க, இவர் ஓரமாகப் போய்ப் பக்கவாட்டைப் பார்த்திருக்கிறார். 1801இல் எகிப்தில் பிரிட்டிஷ் ராணுவம் கைப்பற்றியது என்று கல்லின் மேலேயே ஆங்கிலத்தில் பெயிண்டால் எழுதியிருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற இருவருக்கு, ஒருவர் பார்க்காததை மற்றவர் பார்த்துவிட்டு வந்து சொல்கிற வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கும்? கல்யாண நாளன்று தம்பதிகள் இரண்டு மணி நேரம் பிரிந்திருக்கட்டும் என்று நான் சொன்னால் உங்கள் கட்டுரையாளர் அதிர்ச்சி அடையலாம். சொல்லத்தான் சொல்வேன்.

மறுநாள் கிரீனிச். ஒரு முழுப் பகலை அங்கேயே கழித்தோம். 1884 மாநாட்டில் உலகத்துக்கெல்லாம் பூஜ்ய தீர்க்கரேகை என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கோடு அங்கேதான் இருக்கிறது. வானாய்வகத்து முற்றத்தில் அதன் மேல் நின்று படமெடுக்க டிக்கெட்டும் வேண்டும், வரிசையும் உண்டு. வெளியே சுவரோரப் பாதையிலும் அதே கோடு தொடர்கிறது. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் மேற்கில், நான் கிழக்கில் என்று நின்றுகொண்டோம். படமெடுத்தவர் வழியில் போன ஒரு மாணவி. (தம்பதிகளின் பயணப் படங்களில் எப்போதும் யாராவது ஒருவர்தான் இருப்பார், மற்றவர் கேமராவுக்குப் பின்னால்.) ஆனால் அங்கே நின்று கைபேசியில் பார்த்தால் தீர்க்கரேகை பூஜ்யம் என்று காட்டாது. கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளிப் பூங்காவுக்குள் போனால்தான் காட்டும். அந்தக் காலத்துத் தொலைநோக்கியை அந்த இடத்துப் புவியீர்ப்பின் திசையை வைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள். அது பூமியின் மையத்தை நோக்கிச் சரியாக நேராக இல்லை. செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. அந்த பூஜ்யத்தைத் தேடிக்கொண்டு கையில் போனோடு புல்லில் முன்னும் பின்னும் நடந்தோமே, மொத்தப் பயணத்தில் நாங்கள் அதிகம் சிரித்தது அப்போதுதான்.

இடத்துக்கு இடம் போக சுரங்க ரயிலையே நம்பச் சொல்லியிருக்கிறீர்கள். அதன் வரைபடம் அழகானது, ஆனால் தூரத்தை அப்படியே காட்டுவதல்ல. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கவென்ட் கார்டன் கால் கிலோமீட்டர்தான். படியிறங்கி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். ஊரைப் பார்க்க மாடி பஸ்தான் சரி. 15ஆம் எண் பஸ்ஸில் மேல்தட்டு முன் இருக்கை கிடைத்தால் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து லண்டன் டவர் கோட்டை வரை உட்கார்ந்தபடியே பார்த்து வரலாம்.

கடைசியாக, அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். பஸ்ஸில் ஓட்டுநரிடம் சில்லறை கொடுத்து டிக்கெட் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2014இலிருந்தே லண்டன் பஸ்களில் காசு வாங்குவதில்லை. ஒரே வங்கி அட்டையைக் கணவன், மனைவி இருவருக்குமாக இரண்டு முறை தட்டலாம் என்பதும் தவறு; ஆளுக்கொரு அட்டை இருந்தே ஆக வேண்டும். நீங்கள் எழுதியதை நம்பிப் போகிறவர்களில் ஒருவர் பஸ்ஸுக்குள்ளும் மற்றவர் நடைபாதையிலுமாக நிற்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி