சீரியல் நடிகைங்களோட உழைப்பையும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சீரியல் நடிகைங்கள பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. யாரு எந்த சீரியல விட்டு விலகுனாங்க, யாருக்கும் யாருக்கும் ஆவாது, யாரு கட்டுன புடவை என்ன வெலை, இவ்ளோதான் இருந்துச்சு. வருஷக்கணக்கா தெனமும் விடியக்காலம் கெளம்பி போயி மேக்கப் போட்டு, பக்கம் பக்கமா டயலாக் பேசி நம்ம வீட்டு கூடத்துக்குள்ள வந்து நிக்கிறவங்களோட வேலைய பத்தி ஒரு வரிகூட இல்ல. மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

அமெரிக்காவுல சூசன் லூச்சின்னு ஒரு அம்மா இருக்காங்க. 1946ல பொறந்தவங்க, நியூயார்க் பக்கம்தான் சொந்த ஊரு. நியூஜெர்சில இருக்க எங்க மவ வீட்டுக்கு போயிருந்தப்பதான் அவங்கள பத்தி தெரிஞ்சுக்கிட்டேன், அங்க கொஞ்சம் வயசான பொம்பளைங்ககிட்ட இவங்க பேர சொன்னா போதும், சொந்தக்கார பொண்ண விசாரிக்கிற மாதிரி ஆசையா பேச ஆரம்பிச்சிடுவாங்க. 'ஆல் மை சில்ட்ரன்'னு ஏபிசி டிவில பகல்ல ஓடுன சீரியலு, அத உருவாக்குனதும் ஆக்னஸ் நிக்சன்னு ஒரு பொம்பளதான். 1970 ஜனவரில அது ஆரம்பிச்சப்ப சூசன் காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம்கூட ஆவல. எரிக்கா கேன்னு ஒரு பள்ளிக்கூடத்து பொண்ணா வந்தவங்க, 2011 செப்டம்பர்ல ஏபிசி அந்த சீரியல நிறுத்துற வரைக்கும் அதே எரிக்காவாவே இருந்தாங்க. 41 வருஷம் ஒரே வேஷம்! 1977லேருந்து தெனம் ஒரு மணி நேரம், வாரத்துல அஞ்சு நாளு. சினிமாவுல ஒரு சீன ஒரு நாள் பூரா எடுப்பாங்க, சீரியல்ல ஒரே நாள்ல எத்தன சீன் முடிக்கணும், அழுவணும், சண்டை போடணும், மறுநா மறுபடி மொதல்லேருந்து. அந்த எரிக்காவும் லேசுப்பட்ட பாத்திரம் இல்ல, திமிரு புடிச்சவ, பொய் சொல்றவ, கல்யாணம் கட்டுறதும் விடறதுமா இருக்கறவ, ஆனா பாக்கறவங்களுக்கு அவ மேல வெறுப்பே வராது. அப்படி வராம பாத்துக்கிட்டதுதான் நடிப்புன்னு நான் சொல்லுவேன்.

பகல் நேர டிவிக்குன்னு எம்மி விருது இருக்குல்ல, அதுக்கு 1978ல மொதல்ல இவங்க பேரு வந்துச்சு. கெடைக்கல. அப்பறமும் வந்துச்சு, கெடைக்கல. மொத்தம் 18 தடவ வெறுங்கையோட திரும்புனாங்க. ஒவ்வொரு தடவையும் வேற பேர படிக்கிறப்ப கேமரா இவங்க மொகத்துமேலதான் நிக்கும், இவங்க சிரிச்சுக்கிட்டே கைதட்டணும். ஊரே கேலி பேசுனப்பவும் கோவிச்சுக்கிட்டு வேலைய விடல. 1999 மே மாசம் 19வது தடவ பேரு அறிவிச்சப்ப ஷெமார் மூர்ங்கிற நடிகர், தொடர் தோல்வி முடிஞ்சுதுன்னு கத்துனாரு பாருங்க, அந்த அரங்கமே எழுந்து நின்னு நிமிஷக்கணக்கா கைதட்டுச்சு. அந்த வீடியோவ இப்ப பாத்தாலும் எனக்கு கண்ணு கலங்கிடும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது இதுக்கு அப்பறம் நடந்தது. 2018 கடைசில அவங்க ஒரு கடையில துணிமணி பாத்துக்கிட்டு இருக்கப்ப நெஞ்சு இறுக்கி புடிச்சிருக்கு, அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ லேசா வந்து அவங்க கண்டுக்காம விட்டது. கடை மேனேஜர்தான் கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனது. பாத்தா முக்கியமான ரத்தக்குழாய்ல 90 சதவீதம் அடைப்பு, இன்னொண்ணுல 75. அடைச்ச குழாய விரிச்சு வைக்கிற ஸ்டென்ட்ங்கிற சின்ன வலைக்குழாய வச்சு காப்பாத்துனாங்க. அப்ப அவங்களுக்கு 71 வயசு, ஒல்லியான ஒடம்பு, தெனம் எக்சர்சைஸ் பண்றவங்க, அவங்களுக்கே இப்படி. அவங்க அத மறைக்கல. 2019 பிப்ரவரில வெளிய சொன்னாங்க, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன்னு இதய நோய்க்காக வேலை செய்யற அமைப்போட சேந்து பொம்பளைங்களா பாத்து பேசுனாங்க, ஒங்க ஒடம்ப கடைசில வைக்காதீங்கன்னு. டாக்டர் சொல்றதவிட எரிக்கா சொன்னா கேப்பாங்க இல்லையா, 41 வருஷம் தெனம் பாத்த மொகம் ஆச்சே.

நம்ம டெல்டாவுல இத யாரு சொல்றா? எங்க சின்னம்மா ஒரு குறுவை நடவு சமயம் வயல்லேருந்து கரையேறி வந்து முதுகு இழுக்குது, தாடை வலிக்குது, வேர்த்து கொட்டுதுன்னாங்க, அவங்களே வாயுன்னு முடிவு பண்ணி பெருங்காயம் போட்டு மோரு குடிச்சிட்டு படுத்தாங்க, விடியறதுக்குள்ள போயிட்டாங்க. ஆம்பளைக்கு நெஞ்ச புடிச்சா ஊரே ஓடி வரும், பொம்பளைக்கு வந்தா வாயு, அசதி, வேலை ஜாஸ்தின்னு போயிடுது. பொம்பளைங்களுக்கும் நெஞ்சு வலிதான் பெரும்பாலும் வரும், கூடவே தாடை, கழுத்து, முதுகு வலி, மூச்சு வாங்குறது, குமட்டல், காரணமில்லாத அசதி இதெல்லாம் ஆம்பளைங்களவிட அதிகமா வரும். 2023லேருந்து நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் மாரடைப்புக்கு மொதல்ல குடுக்கிற மாத்திரை இருக்கு, 'இதயம் காப்போம்'னு அரசாங்க திட்டமே இருக்கு. எங்க தெருவுல கேட்டா பாதி பேருக்கு தெரியல. 108க்கு போன் பண்றதுக்கும் வீட்டு ஆம்பளைங்க வரட்டும்னு காத்துக்கிட்டு கெடக்காங்க.

அதனால ஐயா, நம்ம சீரியல்ல பல வருஷம் அம்மாவா மாமியாவா நடிச்சவங்கள பேட்டி எடுங்க, அவங்க வேலைய பத்தி கேளுங்க, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் நிக்கிறாங்க, எப்ப சாப்புடறாங்க, ஒடம்புக்கு முடியலன்னா லீவு உண்டான்னு கேளுங்க. அவங்க வாயாலயே இந்த நெஞ்சு வலி சமாச்சாரத்தையும் சொல்ல வைங்க. அத மருத்துவ பக்கத்துல போடாதீங்க, எங்க பொம்பளைங்க அந்த பக்கத்த தொறக்கறதே இல்ல. டிவி நிகழ்ச்சி நேரம் போடற பக்கத்துல, பெரிய எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
வலங்கைமான் பக்கத்துலேருந்து ஒங்க பேப்பர் வாசகி