கூரைக்குச் சுண்ணாம்பு, மரத்தடிக்கு மண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காட்டு வெயில் என்றாலே பகல் உச்ச வெப்பத்தைத்தான் எழுதுகிறார்கள். 2024 ஏப்ரலில் அது 41 டிகிரியைத் தாண்டியது. ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைக் கடைவீதிகளை ஒட்டிய வீடுகளில் ஆளை வாட்டுவது இரவுப் புழுக்கம். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அறைக்குள் சூட்டை இறக்குகிறது.

ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. சுவரைவிடக் கூரைதான் அதிக வெயில் வாங்கும். முதல் செலவு அங்கேதான். மலிவான வழி, தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் தண்ணீரில் நீற்றி, ஒரு நாள் அசைக்காமல் வைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். நீறும்போது கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி ஆகாது, கண்ணையும் காத்துக்கொள்ள வேண்டும். 10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு, வெந்நீரில் கரைத்த 40 கிராம் கோந்து போதும். உரிந்துவிடுகிறது என்று பலர் கைவிடுகிறார்கள். பாசியைச் சுரண்டாமல் அடிப்பதும், ஒரே பூச்சில் கெட்டியாக அப்புவதுமே காரணம். கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, தளத்தை லேசாக நனைத்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பூச்சு இரண்டு மூன்று அடிக்க வேண்டும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவ மழை கரைத்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரிக்குள் புதுப்பிக்க வேண்டும்.

தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. பிரைமருக்கு மேல் வெள்ளை அக்ரிலிக் பூச்சு வேண்டும். பளபளக்கும் தகரம் வெயிலைத் திருப்பினாலும், வாங்கிய சூட்டை எளிதில் வெளிவிடாது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும்.

பஞ்சாயத்து வேலைகளில் உடனே நிறுத்த வேண்டியது, அடிமரம் வரை இன்டர்லாக் கல் பதிப்பதை. வேம்பும் பூவரசும் இலைவழியே நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கின்றன. மழைநீர் வேருக்கு இறங்காவிட்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். பிறகு நிழல் மட்டுமே மிச்சம். மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட காற்று வீசும்போதுதான் இந்தக் குளிர்ச்சி அதிகம் கிடைக்கும், அப்போது வேரில் ஈரம் இருந்தாக வேண்டும். கோடை மழைக்குப் பின் காற்றில் ஈரம் ஏறிவிட்டால், மாடியில் தண்ணீர் தெளிப்பதிலும் பெரிய பலன் இல்லை. நிழலும் காற்றோட்டமும்தான் உதவும்.

மரத்தைச் சுற்றி 4 அடிக்கு 4 அடியாவது வெறும் மண் விட வேண்டும். புதுக்கன்றுகளை ஜூன் மழையில், மேற்குப் பார்த்த வீடுகளின் முன்னால் முதலில் நடலாம். அடுத்த கிராமசபையில் சாலையோர வேலைகளின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மரக்குழியின் அளவு அதில் எழுதப்படவில்லை என்றால், ஒப்பந்தக்காரர் அடிமரம் வரை கல்லைப் பதித்துவிடுவார்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்