சாற்றுக்குள் ஒளிந்திருக்கும் மீன்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பின் ஜப்பான் பயணக் கட்டுரை, சைவர்கள் உடோன் நூடுல்ஸைக் கவலையின்றிச் சாப்பிடலாம் என்கிறது. தாராளமாகச் சாப்பிடலாம், மீன் பரவாயில்லை என்றால்!

மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் டோக்கியோவில் இருந்தேன். முதல் வாரமே ஓர் உடோன் கடை வாசலில், இயந்திரத்தில் காசு போட்டு டிக்கெட் எடுத்து, வெறும் வெங்காயத்தாள் மிதக்கும் கிண்ணமாகப் பார்த்து வாங்கினேன். ஒரு வாய் உறிஞ்சியதும் பக்கத்து வீட்டு மாசிச் சம்பல் வாசனை மூக்கில் ஏறியது. விசாரித்தால், தஷி எனப்படும் அந்த நூடுல்ஸ் சாறு, கத்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலில் இறக்கியதாம். சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போல் உலர்த்திச் சீவுகிறார்கள். நம் மாசிக் கருவாட்டுக்குப் பங்காளி. மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பிலும், டெம்புரா என்ற மாவில் தோய்த்த பொரியலுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் பெரும்பாலும் இதுதான்.

"இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது; மீனை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீன் சாறும் கூடாது என்று மருமகன் ஜப்பானிய மொழியில் எழுதித் தந்த சீட்டை நீட்டிய பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். புத்த மடங்களின் சைவச் சமையலான ஷோஜின் ரியோரியில் கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷீட்டாகே காளானிலும் சாறு எடுக்கிறார்கள். அருமையான சாப்பாடு, விலையைக் கேட்டால்தான் விக்கல் வரும்.

திருத்தம் வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தூத்துக்குடி