சீஸுக்கு ரெட் ஒயின்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இணைப்பில் ஒயினும் சீஸும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'சீஸ் என்றால் ரெட் ஒயின்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பயணிகள் கப்பலில் மேசை மேசையாக ஒயின் ஊற்றியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ரெட் ஒயினின் துவர்ப்புக்குக் காரணம், திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின். கேமம்பேர், பிரீ மாதிரி இளகிய சீஸைத் தின்றுவிட்டு ரெட் ஒயினைக் குடித்தால், இரும்பை நக்கியது போல ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். எத்தனையோ பேர் முகத்தைச் சுளித்துக் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பார்கள். பாவம், ஒயின் என்ன செய்யும்! புளிப்புள்ள வெள்ளை ஒயினாக இருந்தால் கொழுப்பை அறுத்துவிடும்; அடுத்த வாய்க்கு நாக்கு தயார். நன்றாக முற்றிய கெட்டி சீஸுக்கு வேண்டுமானால் ரெட் சேரும்.

போர்ட் ஒயினும் ஸ்டில்டன் சீஸும், சோத்தேர்ன் ஒயினும் ரோக்ஃபோர் சீஸும் ஊரறிந்த ஜோடிகள். அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். பிரான்சின் கிழக்கே ஜூரா மலைப்பகுதியில் சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து 'வான் ஜோன்' என்ற ஒயினை எடுக்கிறார்கள். பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவதுதான் பொதுவான வழக்கம். இதற்கு அப்படி நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் ஈஸ்ட் ஆடை கட்டும். அந்த ஆடைக்கு அடியிலேயே ஆண்டுக்கணக்கில் ஒயின் முதிரும். அறுவடை முடிந்து 6 ஆண்டுகள் தாண்டாமல் விற்பனைக்கு வராது. இதற்கென்றே 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டையான பாட்டில் ஒன்று உண்டு. மூடியைத் திறந்ததும் வால்நட் வாசனை, கூடவே வெந்தய வாசனை. வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டோலான் என்ற பொருள் இந்த ஒயினிலும் இருக்கிறது. இனிப்பு துளியும் கிடையாது. முதல் மடக்கில் பலருக்கும் பிடிக்காது. அதே மலைப்பகுதியில், காய்ச்சாத பசும்பாலில் செய்து ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த கோம்தே சீஸ் ஒரு துண்டோடு கொடுங்கள், இரண்டாம் மடக்கைத் தாங்களே கேட்பார்கள். குளிர்பெட்டியிலிருந்து சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது முக்கியம். சில்லென்ற சீஸில் உப்பைத் தவிர எதுவும் தெரியாது.

ஒரே மண்ணில் விளைந்ததைச் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். எப்போதும் பலிக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தொடங்க நல்ல இடம். பிரனீஸ் மலையடிவாரத்தில் செம்மறியாட்டுப் பால் சீஸான ஒசோ-இராத்தியும் இனிப்பான ஜுரான்சோன் ஒயினும் இப்படித்தான். போர்ச்சுகலின் செர்ரா தா எஷ்ட்ரேலாவும் செம்மறியாட்டுப் பால் சீஸ்தான். மேல்தோலை மூடி போல வெட்டி எடுத்து, உள்ளே குழைந்திருப்பதைக் கரண்டியால் அள்ளித் தின்பார்கள். பக்கத்து டாவ் பகுதியில் என்க்ருசாடோ என்ற திராட்சையிலிருந்து எடுக்கும் வெள்ளை ஒயின் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

இந்தப் போர்ச்சுகல் சீஸை உறைய வைப்பது ஒரு முட்செடியின் உலர்ந்த பூ. கோம்தே அப்படியில்லை, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டில் உறைவது. சைவம் மட்டும் உண்பவர்கள் கப்பலில் என்னிடம் முதலில் கேட்டதே இதைத்தான். உங்கள் கட்டுரையில் சொன்ன ஏழெட்டு சீஸ்களில் ஒன்றுக்குக்கூட இந்த விவரம் இல்லை. அடுத்த முறை சீஸின் பெயருக்குப் பக்கத்தில், எந்தப் பால், எதனால் உறைந்தது என்ற இரண்டையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர், உங்கள் நெடுநாள் வாசகர்