உள்ளங்காலை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

காய்ச்சல் பரவுகிறது என்றாலே ‘தள்ளி நில்லுங்கள்’ என்பதுதான் முதல் பேச்சு. அதைக் குறை சொல்ல வரவில்லை. நான் தையல்காரி, 2020 கொரோனாவின்போது எங்கள் தெருவுக்கே முகக்கவசம் தைத்துக் கொடுத்தவள். ஆனால் என் மாமியாரின் கால்விரல் ஒன்று போனதில் அந்த இடைவெளிக்கும் பங்கு உண்டு.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாசி, பங்குனி என்றால் புளி தட்டும் காலம். வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்து ஓடு தட்டுவார்கள், நார் கிழிப்பார்கள், கொட்டை எடுப்பார்கள். எதிரில் இருப்பவரின் உள்ளங்கால் நேராகக் கண்ணில் படும். “என்னக்கா, வெடிப்புல ரத்தம் கசியுது, பாக்கலயா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

அந்த மார்ச் 24-ம் தேதி மாலை 144 போட்டதும் மரத்தடி காலியானது. என் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து வந்திருந்ததால் அத்தையை முன்னறையில் தனியாக வைத்தோம். தட்டு தனி, சொம்பு தனி. “நான் என்ன தீட்டா?” என்று ஒருநாள் கேட்டார். தனிச்சொம்புக்கு நம் ஊர்களில் வேறு அர்த்தமும் இருக்கிறதே, நான் வாயைத் திறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமே ‘சமூக இடைவெளி’ வேண்டாம், ‘உடல் இடைவெளி’ என்போம் என்று அந்த மாதமே சொன்னதாம். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை.

சர்க்கரை மாத்திரைக்குக் குறைவில்லை, இரண்டு மாதத்துக்குச் சேர்த்தே கொடுத்தார்கள். பேச்சுத்துணை இல்லாமல் அவர் பகலெல்லாம் படுத்தே கிடந்தார். சோறு பாதி மிஞ்சும். மாத்திரையை விழுங்கினாரா என்று நானும் பார்க்கவில்லை. சர்க்கரை முற்றினால் கால் மரத்துப்போய்ப் புண் வலிக்காது. ஜூனில் வாடை அடித்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் கருத்திருந்தது.

பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இப்போது வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல காரியம். வருகிறவர்கள் பெரியவர்களின் உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும். திறந்த வெளியில் தொற்று குறைவு என்பது இப்போது தெரிந்ததுதானே? இன்னொரு முறை ஊரடங்கு வந்தால், மரத்தடியில் ஐந்து பேர் தள்ளித் தள்ளி உட்காரலாம் என்று அரசாணையில் ஒரு வரி சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாப்பிரெட்டிப்பட்டி, தருமபுரி மாவட்டம்.