கல் மக்காது, ஆசிரியரே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பகுதியில், பசால்ட் என்னும் எரிமலைப் பாறையை இழையாக்கி மக்கும் பிளாஸ்டிக்கில் சேர்ப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். "பயன்படுத்தியபின் தோட்டத்து மூலையில் போட்டால் மிச்சம் மீதியின்றி மண்ணாகிவிடும்" என்று ஒரு வரி. கரும்பும் கல்லும் நிறைந்த மொரீஷியசுக்கு இது வரப்பிரசாதமாம். வரம் கொடுக்கும் முன் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பசால்ட்டை ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியசில் உருக்கி, பிளாட்டினம்-ரோடியம் தட்டின் நுண்துளைகள் வழியே இழுத்து இழையாக்குகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. இழுத்த பின்னும் அது கல்தான். சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ எடுக்கும் பாலிலாக்டிக் அமிலம் என்னும் மக்கும் பிளாஸ்டிக் சிதையும். கல் எங்கே போகும்? அந்தப் பிளாஸ்டிக்கும் தோட்டத்து மூலையில் எளிதில் சிதைவதில்லை. 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் உள்ள உரக்கூடம் வேண்டும். எங்கள் கடற்கரையில் உச்சிக் கோடையிலும் அந்தச் சூடு கிடையாது. இருந்தால் இக்கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மாயேபூர்ப் பக்கம் கண்ணாடி இழைப் படகு கட்டும் பட்டறையில் என் ஆயுளில் பாதி கழிந்தது. உப்புத்தாள் தேய்த்த நாளில் முழங்கை மடிப்பில் ஏறிய தூள் குளித்தாலும் போகாது. என் சட்டையை மனைவி தனி வாளியில்தான் நனைப்பார். பட்டறைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பழைய படகில், வெயில் பட்டுப் பட்டுப் பிசின் பொடிந்து உதிர, இழை மட்டும் நரைத்த தாடிபோல் தொங்கியது. கண்ணாடிக்கு நடப்பதுதான் கல்லுக்கும். பசால்ட் இழையை, நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்று நான் பயமுறுத்தவில்லை. பிளாஸ்டிக்குக்கு வலுவும் விறைப்பும் கூட்டுகிறது. கண்ணாடிக்குப்போல மணல், சுண்ணாம்பு என்று பலதைக் கலக்க வேண்டியதில்லை, ஒரே பாறை போதும். நல்ல பொருள். நல்ல பொருளுக்கு எதற்குப் பொய்ப் புகழ்?

இந்தப் புகழில் நாங்கள் முன்பே சூடு பட்டவர்கள். 2016-இல் இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. பின்னாலேயே "மக்கும்" என்று பச்சை எழுத்துப் போட்ட பைகள் கடைகளில் தொங்கின. ஒன்றை என் மாமரத்தடியில் புதைத்துவைத்தேன். ஒரு மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்து தோண்டினால், பை அப்படியே இருக்கிறது. பச்சை எழுத்துகூட மங்கவில்லை. 2021-இல் ஒருமுறைப் பயன்பாட்டுத் தட்டு, கரண்டிகளுக்கும் தடை. மாற்றாக வந்த உணவுப் பெட்டிகள் என் தெருவில் மற்றக் குப்பையோடு அதே லாரியில் ஏறுகின்றன.

பிளேன் மாஞியென் பக்கக் கரும்பு வயல்களின் கற்குவியல்களைத் தங்கள் கட்டுரையாளர் "வீணாகக் கிடக்கும் மூலப்பொருள்" என்கிறார். கரும்பு நட மண் வேண்டி, முதுகொடியப் பொறுக்கி அடுக்கிய கற்கள் ஐயா அவை. என் பூட்டனாரும் அப்படிப் பொறுக்கியவர்தான். தவிர, எல்லாப் பசால்ட்டும் இழைக்கு ஆகாது. மணலில் உள்ள சிலிக்கா என்னும் பொருள் அதில் ஏறக்குறைய 46 சதவீதமாவது வேண்டும். சோதித்துப் பார்க்காமல் எங்கள் கல்லை ஏலம் போட்டுவிட்டார்.

1998-இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியபோது இத்தீவுத் தமிழர் கொந்தளித்தோம். அச்சடித்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். தங்கள் இதழில் அதற்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. கரும்பும் கடற்கரையும் என்றால் மட்டும் வண்ணப் பக்கம்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "பிளாஸ்டிக் பகுதி தகுந்த உரக்கூடத்தில்தான் சிதையும், கல் இழை தங்கிவிடும்" என்று ஒரு வரி போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. முன்பு நான் எழுதிய கடிதத்தில் பாராட்டை மட்டும் அச்சிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். இம்முறை தங்களுக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மாயேபூர், மொரீஷியஸ்