பதினாறு மண்டபத் தூரம்

கும்பகோணம்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. அதை நின்றுகொண்டே படித்தேன். இதையும் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். உட்காரக் கூடாது என்ற தடை எப்போதோ நீங்கிவிட்டது என்றாலும், கூடத்து அலமாரியின் நடுத்தட்டில் காகிதத்தை வைத்து இருபது நிமிடம் எழுதுவது, பிறகு வாசல் வரை போய் வருவது என்ற பழக்கம் நான்கு மாதத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று நாட்களாக இப்படி வளர்ந்த கடிதம் இது. இடையிடையே மையின் நிறம் மாறினால் பொறுத்துக்கொள்.

கீழ்முதுகில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றும், மருத்துவர் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார் என்றும், மகன் உடனே செய் என்க, தங்கை வேண்டவே வேண்டாம் என்று அழுவதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்கும் அதே இடம்தான். செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் மருத்துவன் இல்லை. எனக்கு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டு பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடத்தியவன் நான். குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன்! குடம் 15 கிலோ. அது இடுப்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. எட்டு மடங்கு. ஆக, அந்தத் தசை 120 கிலோ எடைக்கு ஈடாக இழுக்க வேண்டும். நம் உடம்பின் எடையையே இன்னும் நான் சேர்க்கவில்லை. இத்தனையும் தெரிந்த மனிதன் சித்திரை மாதம் ஒரு காலையில், குழாயில் தண்ணீர் நிற்கப் போகிறதே என்ற அவசரத்தில், நிறைகுடத்தை வளைந்து தூக்கியபடியே பக்கவாட்டில் திரும்பினேன். ‘மடக்’ என்ற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

முதல் ஆறு வாரம் மாத்திரை, ஓய்வு, பிசியோதெரபி என்று போனது. பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் கத்தியில்லாமலே தணிந்துவிடும் என்றுதான் என் மருத்துவரும் சொன்னார். நடுவில் எண்ணெய் தேய்க்கும் ஒருவரிடமும் போய்ப் பார்த்தேன். பணம் போனது, வேறு தீங்கில்லை. ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, “சார், செருப்பு அங்கேயே கிடக்குதே” என்றார் கடைக்காரப் பெண். திரும்பிப் பார்த்தால், இடதுகால் செருப்பு நான்கடி பின்னால் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மருத்துவர் என் கால் பெருவிரலைத் தன் ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டு, “மேலே தூக்குங்கள்” என்றார். தூக்க முடியவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கலாம், ஆனால் பலம் குறையும்போது காத்திருக்கக் கூடாது என்று அவர் சொன்ன பிறகு எனக்கு இரண்டாவது யோசனை எழவில்லை. ஆடியில் கத்தி வைப்பதா என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். “நரம்புக்கு ஆடி ஏது, ஆவணி ஏது?” என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்து வைத்தவர் நம் கண்டக்டர்.

அவரை உனக்கு நினைவிருக்கும். என் மகள் கல்யாணத்தில் பந்திப் பந்தியாக இலைகளை எண்ணிக்கொண்டிருந்தாரே, அவர்தான். போக்குவரத்துக் கழகத்தில் முழுக்காலமும் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவரும் பெரிய தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இன்னொரு நண்பரும், அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்னால் என் வீட்டுக்குள் நுழைந்து, சோதனைக்கு வந்த அதிகாரிகளைப் போல ஒவ்வோர் அறையாகப் பார்த்தார்கள். அரிசிப் பானை, குடிதண்ணீர், மருந்து, துண்டு, வேட்டி, பூஜைச் சாமான் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறின. நாற்பது ஆண்டு பாயில் படுத்த எனக்கு, கடைக்காரர் தம் வீட்டுக் கட்டிலைத் தூக்கி வந்து போட்டார். கழிப்பறையில் நம் பழைய மாதிரிப் பீங்கான். குந்தி உட்கார்ந்தால் முதுகு என்னாவது? இரும்புச் சட்டமும் நடுவில் ஓட்டையும் உள்ள நாற்காலி ஒன்றை அதன்மேல் நிறுத்தினார்கள். இதற்கெல்லாம் மேலாக, கீழே விழுந்த பொருளைக் குனியாமல் எடுப்பதற்கென்று, தம் பட்டறையில் மூன்றடி நீளத்துக்கு ஓர் இடுக்கி அடித்துக் கொண்டுவந்தார் கடைக்காரர். செய்தித்தாள், மூக்குக் கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அதால் எடுத்துவிடுவேன். ஒரு தடவை பல்லியைக்கூடப் பிடித்தேன்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஏனென்றால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம், இரண்டு அங்குலத்துக்கும் குறைவான கீறல், நுண்ணோக்கி வைத்துப் பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தார்கள். காலில் வலி இறங்குவதற்கு இந்த ஜவ்வுதான் காரணமாக இருக்கலாம் என்பதையே மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1934-ல்தான் அழுத்தமாக எடுத்துச் சொன்னார்களாம். அதற்கு முன் வாழ்ந்திருந்தால் எனக்கு வெறும் ‘வாயு’ என்று சொல்லியிருப்பார்கள். கண் விழித்ததும் நான் தேடியது அந்தத் தொடை வலியைத்தான். அது இல்லை. மூன்று மாதம் கூடவே குடியிருந்தது இல்லாமல் போனதில் ஒரு நிமிடம் திகைப்பாகவே இருந்தது. மறுநாள் நடக்க வைத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கஷ்டம் வீட்டில்தான் தொடங்கியது. படுக்கையிலிருந்து எழுவதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மல்லாந்து கிடந்தபடி நேரே எழுந்து உட்காரக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டை உருள்வதுபோல ஒரு பக்கமாகப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அந்தக் கால்களின் பாரம் கீழே இறங்கும்போதே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். (இதுவும் நெம்புகோல்தான்!) குனியாதே, தூக்காதே, முறுக்காதே என்ற மூன்று கட்டளைகள். ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறோம் என்பதைக் குனியக் கூடாது என்று சொன்ன பிறகுதான் கண்டேன். பல் துலக்கித் துப்பக் குனிகிறோம். வேட்டி நுனி காலில் பட்டால் குனிகிறோம்.

தையல் பிரிக்கும்வரை, அதாவது பன்னிரண்டு நாள், மகள் கூட இருந்தாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, எத்தனை நாள்தான் இருப்பாள்? அவள் போன பிறகு கண்டக்டர் ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். காலை ஐந்தே முக்காலுக்கு அவர். எட்டு மணிக்கு அவர் வீட்டிலிருந்து இட்லி. பகலில் கடைக்காரர் மகன். மாலையில் என்னிடம் படித்த ஒரு பையன் (பையன் என்ன பையன், அவனுக்கே ஐம்பது ஆகிறது). இரவு ஒன்பதுக்கு மறுபடி அவர். யாரிடமும் அதுவரை ஒரு படி அரிசிகூடக் கைமாற்றாக வாங்காதவன் நான். மனைவி போன பிறகு என் காரியத்தை நானே பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு வீம்பு இருந்தது என்பது உனக்குத் தெரியும். அந்த வீம்பு கரைந்த நாளை உனக்குச் சொல்ல வேண்டும்.

இருபதாவது நாள் இருக்கும். என் கால்நகங்கள் வளர்ந்து போர்வையில் மாட்டத் தொடங்கின. குனிய முடியாது, காலை மடித்து மேலே கொண்டுவரவும் முடியாது. யாரிடமும் சொல்லாமல் காலைத் துண்டால் மூடியே வைத்திருந்தேன். காலைக் காப்பியோடு வந்த கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. தம்ளரை அலமாரித் தட்டில் வைத்தார், வெளியே போய் ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்தார், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் இடதுகாலை எடுத்துத் தம் தொடைமேல் வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. “என்னய்யா செய்றீங்க, விடுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று கத்தினேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல், “சில்லறை குடுத்துட்டு இறங்குங்க சார்” என்றார். பெருவிரல் நகத்தில் நகவெட்டி பட்டபோது எனக்கு உணர்ச்சியே தெரியவில்லை. நடுவிரலில் லேசாகத் தெரிந்தது. சுண்டுவிரலில் நன்றாகத் தெரிந்தது. “இங்கே தெரியுதா, இங்கே?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வெட்டினார். வெட்டிய நகங்களை ஒரு பழைய டிக்கெட் அளவுக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார். அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரே வந்து வெட்டினார், நான் கத்தவில்லை.

பார்க்க வந்தவர்கள் தனிக் கதை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு மச்சான் இருந்தார். அந்த மச்சானுக்கு இதே ஆபரேஷன் ஆகிக் கால் விளங்காமல் போயிருந்தது. ஒரே நாளில் நான்கு மச்சான்களைக் கேட்ட பிறகு, கண்டக்டர் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆளுக்குப் பத்து நிமிடம். பதினோராவது நிமிடத்தில் உள்ளே எட்டிப்பார்த்து, “ஸ்டேஜ் வந்தாச்சு” என்பார். உனக்கும் இப்படி ஓர் ஆளை வாசலில் வைக்க வேண்டியிருக்கும்.

நடை மட்டும் இல்லாதிருந்தால் எனக்குப் பித்துப் பிடித்திருக்கும். முதல் வாரம் கூடத்துக்குள், இரண்டாம் வாரம் தெருமுனை, அப்புறம் மகாமகக் குளம். குளத்தைச் சுற்றி கோவிந்த தீட்சிதர் கட்டிய பதினாறு மண்டபங்களும் எனக்கு மைல்கற்களாகிவிட்டன. முதல் நாள் ஒரே மண்டபம், தொட்டுவிட்டுத் திரும்பினோம். இடுப்பில் பெல்ட், கையில் குடை, பக்கத்தில் கண்டக்டர். புறப்படும்போது “ரைட்” என்பார். என் முகம் கொஞ்சம் சுருங்கினால் “ஹோல்டான்” என்று நிறுத்திவிடுவார். இரண்டு நாளுக்கு ஒரு மண்டபம் வீதம் கூட்டினோம். “சார் இன்னைக்கு எத்தனையாவது மண்டபம்?” என்று வடகரைப் பூக்காரம்மா கேட்கும் அளவுக்கு அந்தக் கணக்கு ஊரில் பரவிவிட்டது. 2028 மகாமகத்துக்குள் நான் சுற்றி முடித்துவிடுவேன் என்று அந்த அம்மாவிடம் பந்தயம் கட்டியிருந்தார் கண்டக்டர்.

ஏழாவது மண்டபத்தில் இருந்தபோது ஒரு சறுக்கல். இரவு இரண்டு மணிக்குப் பழைய வலி, அதே தொடை, அதே கோடு, விழித்துக்கொண்டது. நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு ஜவ்வு மறுபடியும் பிதுங்கக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், அந்த எண்ணிக்கையில் நானும் சேர்ந்துவிட்டேன் என்றே முடிவு கட்டினேன். போன் செய்த பத்தாவது நிமிடத்தில் கண்டக்டரின் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. தைரியம் ஒன்றும் சொல்லவில்லை அவர். விளக்கைப் போட்டார், சிறுநீர் போவதில் சிக்கல் இருக்கிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப்போயிருக்கிறதா என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்தபடியே கேட்டார், இரண்டும் இல்லை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவர் ஓட்டுநர்களைப் பற்றிய கதைகள் சொன்னார். நான் பாதி கேட்டேன். காலையில் மருத்துவர் பார்த்துவிட்டு, நரம்பைச் சுற்றிய வீக்கம் இப்படி ஏறி இறங்குவது உண்டு என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் தணிந்தது. ஆனால் நாங்கள் மறுபடியும் மூன்றாவது மண்டபத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது என் நிலை இது. பெருவிரல் முக்கால்வாசி தூக்குகிறது. மரத்துப்போன இடம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. அறுபட்ட நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்றும், நசுங்கியது பல சமயம் அதைவிட விரைவாகத் தேறும் என்றும் கேட்டறிந்து, அதற்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். புகையிலையை விட்டுவிட்டேன். ஜவ்வுக்கு ஊட்டம் தருகிற ரத்த ஓட்டத்தை அது குறைத்துவிடும் என்றார்கள். வெற்றிலை இன்னும் உண்டு. நம் ஊர்க் கொழுந்து வெற்றிலையை விடச் சொன்னால் மருத்துவரையே மாற்றியிருப்பேன். கண்டக்டரும் என் எதிரில் புகையிலை போடுவதில்லை. திண்ணை ஓரத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறார், வாசனை வருகிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பெருவிரல் தூக்குகிறதா என்று நீ எழுதவே இல்லை. இன்றே மகனை அழுத்திப் பார்க்கச் சொல். வலி மட்டும்தான் என்றால், எத்தனை வாரம் ஆகிறது, இன்னும் எத்தனை வாரம் பொறுக்கலாம் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேள். இன்னொரு மருத்துவரிடம் ஸ்கேனைக் காட்டுவதிலும் தவறில்லை. சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது என்றால் மட்டும் யாரிடமும் கேட்காதே, அன்றைக்கே ஓடு. செய்துகொள்வது என்று தீர்மானித்தால், தேதி குறிப்பதற்கு முன் ஆளைக் குறித்துக்கொள். விடியற்காலையில் யார், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் என்று இரண்டு பெயராவது வேண்டும். தங்கை ஒருத்தியின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதே. அவளுக்கும் முழங்கால் வலி என்று போன தீபாவளிக்கே எழுதியிருந்தாய்.

அந்தப் பெயர்களில் ஒன்றாக என்னை எழுதிக்கொள். நேற்று மாலையோடு பதினாறு மண்டபமும் முடிந்தது. பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையைக் கண்டக்டர் கையில் கொடுத்தார். தைக்குப் பிறகு வெளியூர் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கும்பகோணத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஜன சதாப்தி இருக்கிறது. உட்கார்ந்தே வர வேண்டிய ரயில் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பேன். கண்டக்டரும் வருகிறார். டிக்கெட் வாங்கிக்கொண்டு பயணம் செய்வது தமக்குப் பழக்கமில்லை என்று இப்போதே முணுமுணுக்கிறார். நகவெட்டியையும் மூன்றடி இடுக்கியையும் எடுத்து வருகிறோம். உன் வீட்டில் கமோடு இருக்கிறதா, இல்லை இரும்பு நாற்காலியையும் கட்டிக்கொண்டு வர வேண்டுமா என்று உடனே பதில் எழுது.

உன் அன்பு மறவாத,
கும்பகோணத்து நண்பன்.